நெயும் சாலையில் ஒரு பாஸ்போர்ட்

காலை பதினொன்றரை. எல்லைச் சாவடி ஜன்னலில் நீட்டப்பட்ட டப்பாவில் ஆறு பாஸ்போர்ட்டுகள் இருந்தன. பஸ்ஸில் பயணிகளோ ஏழு பேர்.

"ஐயோ, என்னுது காணோம்!" என்று அலறினாள் நூனே. ஆர்மீனியாவிலிருந்து வந்தவள். "சாயங்காலம் துப்ரோவ்னிக்ல எம்பொண்ணுக்குக் கல்யாணம். நான் பார்க்க வேண்டாமா?"

இன்ஸ்பெக்டர் யத்ராங்கா முத்திரையை மேஜையில் வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறினாள். குரோவேஷியாவை விட்டு வெளியேறும் சாவடி அது. அப்பால் கொஞ்ச தூரம் போஸ்னியாவின் நெயும். அதைத் தாண்டினால் மறுபடி குரோவேஷியா; துப்ரோவ்னிக் அங்கேதான். போஸ்னியாவைத் தொடாமலே போகக் கடல்மேல் பாலம் வந்தபிறகு இந்தப் பக்கம் வருபவர்கள் பெரும்பாலும் மலிவு சிகரெட்டுக்காக வருபவர்கள்தான். டிரைவர் ஃபிரானே அந்த ரகம்.

"பாலத்துல போகலையா பெரியவரே?"

"இருபது வருஷமா இந்த ரோடுதாம்மா. பாலமாவது கீலமாவது!"

"பாஸ்போர்ட் வாங்கினது?"

"நான்தாங்க," என்றாள் கண்டக்டர் தோன்கா. ஃபிரானேயின் மருமகள். "ஏழும் வாங்கி முன்னாடி வச்சேன். பெட்ரோல் போட நின்னப்ப எல்லாரும் இறங்கினோம்."

டப்பாவில் இரண்டு ஜெர்மன் பாஸ்போர்ட்டுகள் இருந்தன. கள்ளச் சந்தையில் அவற்றுக்குத்தான் மவுசு. திருடன் அவற்றைத் தொடவே இல்லை.

இருக்கை இருக்கையாகத் தேடினார்கள். தோன்காதான் எல்லோரையும்விட மும்முரம்.

"பசி வயித்தைக் கிள்ளுது. அந்த இறைச்சி அடைச்ச புரெக் ரொட்டிப் பொட்டலத்தை எடும்மா," என்றார் ஃபிரானே.

"அப்புறம் மாமா."

"ஆறிடும்மா!"

"ஆறினா ஆறட்டும். அந்தம்மா அழுறாங்க, உங்களுக்குச் சாப்பாடு கேக்குதா?"

யத்ராங்கா நூனேயின் பக்கம் திரும்பினாள். "விசா இருக்கா?"

"மாசக் கடைசிவரைக்கும் இருக்கு. ஐரோப்பாவுல இத்தனை நாட்டுக்கும் ஒரே விசாவாம்!" போனில் படத்தைக் காட்டினாள். எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தில் 'ஒன்று' என்றிருந்தது.

யத்ராங்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "தோன்கா, புரெக் பொட்டலத்தைப் பிரி," என்றாள்.

தோன்கா மெல்லப் பிரித்தாள். எண்ணெய்க் காகிதத்துக்குள், புரெக்குக்கு அடியில் பாஸ்போர்ட்.

"அடிப்பாவி! நீயா?" என்றார் ஃபிரானே.

"கத்தாதீங்க," என்றாள் யத்ராங்கா. "இது காணாமப்போனதுல லாபம் யாருக்கு? இந்தம்மாவுக்கு மட்டும்தான். ஒரே தடவை நுழையற விசா; போஸ்னியா அதுல சேராது. நான் முத்திரை குத்தி வெளிய விட்டிருந்தா, நெயுமுக்கு அந்தப்பக்கம் திரும்ப உள்ள விடமாட்டாங்க. பாஸ்போர்ட் இல்லேன்னா முத்திரையும் இல்லை. பசின்னு கேட்ட மாமனாருக்கு மருமக பொட்டலத்தைப் பிரிக்கலையே, அப்பவே எனக்குப் பொறி தட்டிச்சு."

தோன்கா விசும்பினாள். "பாலத்துல போங்கன்னு மாமாகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேங்க. 'விசாதான் மாசம் முழுக்கச் செல்லுமே, டிக்கெட் கிழிக்கிறவ எனக்கு ரோடு சொல்றியா'ன்னாரு. உங்ககிட்ட சொன்னா, இவர் சிகரெட்டுக்காக இந்த ரோட்டுல வர்றது கம்பெனிக்குத் தெரியும், இவர் வேலை போயிடும். வேற என்ன பண்ண?"

நூனே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அடுத்தவங்க பாஸ்போர்ட்டை ஒளிக்கிறது குத்தம். இன்னொரு தடவை செஞ்சே, உள்ள தூக்கி வச்சிடுவேன்," என்று அதட்டிய யத்ராங்கா, அட்டையிலிருந்த எண்ணெயைத் தன் சட்டைக் கையால் துடைத்து நூனேயிடம் கொடுத்தாள். முத்திரை மேஜையிலேயே கிடந்தது.

ஃபிரானே தன் இருக்கையில் போய் உட்கார்ந்தார். பிறகு புரெக்கைப் பிட்டு, முதல் துண்டை நூனேயிடம் நீட்டினார். வண்டியைக் கிளப்பினார்.

"தோன்கா," என்றார் தாழ்ந்த குரலில். "பாலத்துக்கு எந்தப் பக்கம்மா திரும்பணும்?"