மூடாத சிவப்பு

சிவப்பு அந்த ஒரு எண்ணோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

கருந்திரையின் அடியில், அடுத்த கட்டளைக்காகக் கணினி காத்திருக்கும் இடத்தில், பியோ தாமி என்ற அவளுடைய பெயர் சிவப்பாக நின்றது. அதற்கு நேர்மேலே அவள் தம்பி பியோ தேரிமின் பெயர். அதுவும் சிவப்பு. அதற்கும் மேலே தக் சோஜின் என்ற பெயர் வெள்ளையாக இருந்தது. அவர் உறைஅறைக்குள் இருந்த நேரம் மட்டும் சிவப்பாக இருந்தது. தாமி சிவப்பாக்க நினைத்தது அந்த எண்ணை மட்டும்தான்.

தவறு எங்கே என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. எழுத்துகள் மட்டுமே ஓடும் திரையில் நிறம் தருவது எளிது. சிவப்பைத் தொடங்கு என்று ஒரு குறி. பழைய நிறத்துக்குத் திரும்பு என்று இன்னொரு குறி. இரண்டாவதை மறந்தால் முதலாவது ஓயாது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்ததுபோலத்தான், அடுத்து வருவதன்மேல் எல்லாம் வழியும். இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்திருக்கும் பிழை. அகரவரிசையில் தக் சோஜினுக்கு அடுத்து அவள் தம்பி வந்தான், அவ்வளவுதான்.

பூசான் துறைமுகத்தை ஒட்டிய அந்த மீன்கிடங்கில், உறைஅறைக்குள் யார் இருக்கிறார்கள், எவ்வளவு நேரமாக இருக்கிறார்கள் என்று சொல்லும் நிரல் அது. தொழிலாளிகளின் மேலங்கியில் தொங்கும் அடையாள வில்லையை வாசற்கருவி படித்து அனுப்பும். எல்லாம் ஒரே வெள்ளையில் வந்ததால், போன மாதம் ஒருவர் உள்ளேயே மயங்கிக் கிடந்தது யார் கண்ணிலும் படவில்லை. அவருக்கு இரண்டு விரல்கள் போயின. அதன் பிறகுதான் மேலிடம் நிறம் கேட்டது.

"என்ன தாமி, அக்கா தம்பி ரெண்டு பேருக்கும் சேத்துக் காரியம் பண்ணிட்டியா?"

பிரிவுத் தலைவர் ஓக் வோன்பே காபியோடு பின்னால் வந்து நின்றிருந்தார்.

"ஒரு குறி விட்டுப்போச்சு சார். இப்பவே சரி பண்ணிடறேன்."

"நேரத்துக்குச் சிவப்பு போடு, பேருக்கு மட்டும் போட்டுடாதேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். செத்தவன் பேரைத்தானே நம்ம ஊர்ல சிவப்புல எழுதுவாங்க, உசுரோட இருக்கறவன் பேரை யாராச்சும் எழுதுவாங்களா? நீ என்ன வேத்து நாட்டுலயா பொறந்த?"

"நீங்களுமா சார் இதையெல்லாம் நம்பறீங்க?"

"நம்பறேனோ இல்லையோ, என் பேரை வெச்சு விளையாடிடாத தாயி. வீட்டுக் கடன் இன்னும் பாக்கி இருக்கு."

சிரித்தார். ஆனால் போகும்போது திரை கண்ணில் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனார் என்பதைத் தாமி கவனித்தாள்.

வெளியே மழைக்காலப் பிற்பகல். ஜன்னல் இல்லாத அந்த மாடியறைக்கு மழை வெறும் ஓசையாகத்தான் வந்தது. அதற்கும் அடியில், தரையோடு தரையாக, உறைஅறைகளைக் குளிரவைக்கும் எந்திரங்களின் உறுமல் உள்ளங்கால் வழியே ஏறி முழங்காலில் தங்கியது. எவ்வளவு துடைத்தாலும் போகாத கணவாய் மீனின் உப்பு வாடையும், அதை அறுத்துக்கொண்டு அவ்வப்போது மூக்கில் ஏறும் அமோனியா நெடியும் நாற்காலித் துணியில்கூட ஊறிக் கிடந்தன. இங்கே ஆறு வருடமாக இருக்கிறாள். தேரிம் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ராணுவச் சேவை முடிந்து சும்மா இருந்தவனை, ஓக்கிடம் கெஞ்சி அவள்தான் இங்கே சேர்த்துவிட்டாள். பெற்றவர்கள் போன பிறகு அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான்.

விட்டுப்போன குறியைச் சேர்த்தாள். நிரலை ஓட்டினாள்.

அடிவரியில் அவள் பெயர் வெள்ளைக்குத் திரும்பியிருந்தது. தக் சோஜின் வெளியே வந்துவிட்டார் போலும், அவருடைய வரியே இல்லை. உள்ளே ஒரே ஓர் ஆள் என்று காட்டியது. பியோ தேரிம். சிவப்பு.

பெயரைச் சிவப்பாக்கும் கட்டளை எதையும் அவள் எழுதவே இல்லை. மேலிருந்து கீழாக நிரலைப் படித்தாள். விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தையைப் போல, இன்னொரு முறை படித்தாள். இல்லை. திரையை மூடிப் புதிதாகத் திறந்தாள். சிவப்பு.

உறைஅறைக்குள் கைபேசி வேலை செய்யாது. அதன் வாசலில் இருந்த தொலைபேசிக்குக் கூப்பிட்டாள். வாசலைப் பார்த்துக்கொள்ளும் பாங் அக்கா எடுத்தாள். பின்னணியில் ஆட்கள் சிரிக்கும் சத்தம்.

"தேரிமா? இதோ, இங்கதானே பெஞ்சுல உக்காந்து நூடுல்ஸை ஊதி ஊதித் தின்னுட்டு இருக்கான்! என்ன, தம்பியை விட்டுட்டு ஒரு மணிநேரம் இருக்க முடியலையா உனக்கு?"

தாமி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். தன்னை நினைத்துச் சிரிப்புகூட வந்தது. "வில்லையை உள்ளயே விட்டுட்டு வந்துட்டானான்னு பாருங்கக்கா. இங்க இன்னும் உள்ள இருக்கறதா காட்டுது."

"இல்லையே, அங்கியிலதான் தொங்குது. வெளிய வந்தவன் கருவியில காட்டலையோ என்னவோ."

"அவன்கிட்ட ஒரு நிமிஷம் குடுங்க."

"டேய், உங்கக்காடா. இந்தா பேசு."

தொலைபேசி கைமாறும் உரசல். தாமி காத்திருந்தாள். மறுமுனையில் எந்திர உறுமல் மட்டும் கேட்டது. மூச்சு இல்லை. நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம் இல்லை. "தேரிம்?" என்றாள். உறுமல். அது வாசலிலிருந்து கேட்பதைப் போல இல்லை. மிக அருகே, நான்கு பக்கமும் சுவர் சூழ்ந்த இடத்திலிருந்து வருவது போல இருந்தது.

"பேசிட்டானா?" பாங் அக்காவின் குரல் திரும்பி வந்தது. "வாயில அவ்ளோ வெச்சுக்கிட்டு என்னத்தப் பேசினானோ, உனக்குத்தான் புரியும்!"

"அவன் எதுவும் பேசலக்கா."

"பேசினானே. நான்தான் பாத்துட்டே இருந்தேனே."

தொலைபேசியை வைத்தபோது திரையில் அந்தப் பெயர் தடித்திருந்தது. தடிப்புக்கு ஒரு குறி உண்டு. அதையும் அவள் எழுதவில்லை.

நிறங்களாகவும் வடிவங்களாகவும் மாறுவதற்கு முன், குறிகளை உள்ளபடியே காட்டச் சொல்லித் திரையிடம் கேட்க முடியும். கேட்டாள். பெயருக்கு முன்னால் குறிகள் நின்றன. சிவப்பு. தடிப்பு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ நிதானமாகத் தட்டச்சு செய்வதுபோல, மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. துடிப்பு. எங்கே தேடியும் அவற்றை மூடும் குறி இல்லை. தானே சேர்த்தாள். அடுத்த முறை ஓட்டியபோது அது போயிருந்தது. மறுபடியும் சேர்த்தாள். போயிருந்தது.

பெயர் துடிக்கத் தொடங்கியது. தோன்றும், மறையும். தோன்றும், மறையும். முதலில் வேகமாக, அவசரத்தில் இருப்பவன் கதவைத் தட்டுவதுபோல. பிறகு மெதுவாக. ஒவ்வொரு மறைவும் முந்தையதைவிட நீண்டது. மறைந்திருக்கும் நேரத்தில் தான் மூச்சு விடாமல் இருப்பதைத் தாமி உணர்ந்தாள்.

பெயரின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

பிறகு வரி வெறுமையானது. உள்ளே இருப்பவர் ஒருவர் என்று எண்ணிக்கை மட்டும் சொன்னது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பு. குறிகளைக் காட்டச் சொன்னாள். வரிசையின் கடைசியில் அது நின்றது. அந்த வேலையில் யாரும் பயன்படுத்தாத குறி. எழுத்து இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

தாமி எழுந்தபோது நாற்காலி சரிந்தது. படிகளில் இறங்கி ஓடினாள்.

கீழ்த்தளத்தின் குளிர் முகத்தில் அறைந்தது. ஈரத் தரை, மஞ்சள் விளக்கு, ரப்பர் காலணிகளின் வாடை. உறைஅறையின் கனத்த எஃகுக் கதவு மூடியிருந்தது. அதன்மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடும் உறைவு தொடங்கிவிட்டது. வந்திறங்கிய கணவாயை ஒரே மூச்சில் கல்லாக்கும் காற்று உள்ளே வீசிக்கொண்டிருந்தது. ஆள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகுதான் பாங் அக்கா அதைத் தொடங்குவாள்.

கதவோரம் மரப்பெஞ்சைச் சுற்றி நாலைந்து பேர். அவர்கள் வாயிலிருந்து வெண்புகையாக மூச்சு வந்துகொண்டிருந்தது. தக் சோஜின் எதற்கோ சிரித்து, பெஞ்சின் பக்கம் சாய்ந்து, வெறும் காற்றில் உள்ளங்கையால் தட்டினார்.

"வாங்க மேடம்! உங்க தம்பி சீட்டாட்டத்துல என்னைத் தோக்கடிச்சதை எப்படிப் பீத்திக்கறான் பாருங்க."

பெஞ்சில் யாரும் இல்லை.

நூடுல்ஸ் கோப்பை இருந்தது. ஆவி வரவில்லை. அதன் பக்கத்தில் பலகை வெறுமையாக இருந்தது.

"தேரிம் எங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். "என்ன தங்கச்சி, கண்ணு முன்னாடி குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறவனைப் பாத்து எங்கன்னு கேக்கற?" என்றாள் பாங் அக்கா. "மாடியில அந்த டிவியையே பாத்துப் பாத்து பார்வை போயிடுச்சு இவளுக்கு."

அப்போது தாமிக்குக் கேட்டது. எஃகுக்கு அப்பாலிருந்து. கையுறை போட்ட கை தட்டும் மொத்தையான ஓசை.

"உள்ள ஆள் இருக்கு. கதவைத் தொறங்க."

"யாரு இருக்கா? எல்லாரும் இங்கதானே இருக்கோம்."

"தட்டறது கேக்கலையா? அக்கா, தேரிம் உள்ள இருக்கான். தொறங்க. உங்க கால்ல விழறேன், தொறங்க!"

பாங் அக்காவின் சிரிப்பு நின்றது. பைத்தியத்தைப் பார்க்கும் பயம் அவள் கண்ணில் வந்தது. பெஞ்சைப் பார்த்தாள். அங்கிருந்து யாரோ சொன்னதற்குத் தலையாட்டினாள். "ஆமாப்பா, நீயே சொல்லு உங்கக்காகிட்ட. பாதியில தொறந்தா சரக்கு மொத்தமும் போயிடும். நாளைக் காலையிலதான் தொறக்கணும்."

தாமி அவளைத் தள்ளிவிட்டுக் கதவை நோக்கிப் பாய்ந்தாள். நெம்புகோலை இரண்டு கைகளாலும் பற்றினாள். இழுத்தாள். தட்டல் அவள் உள்ளங்கைகளுக்கு நேர் எதிரே கேட்டது. அவள் அங்கே வந்தது தெரிந்துவிட்டதுபோல. ஒன்று. இடைவெளி. இன்னொன்று.

நெம்புகோல் அசைந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

மணிக்கட்டில் ஏதோ விழுந்தது. கனமாக. கடலடிக் கல்லைப் போலக் குளிர்ந்து. அவள் கை மெல்ல, அன்போடு, நெம்புகோலிலிருந்து பிரிக்கப்பட்டது.

"பாரு, எவ்ளோ பாசமா பிடிச்சு நிறுத்தறான்," என்றாள் பாங் அக்கா. அவள் கண்கள் கலங்கியிருந்தன. "கூடப் பொறந்தவன்னா இப்படி இருக்கணும். போம்மா. தம்பிகூட வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடு."

மற்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

தாமி கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. கதவுக்குள் தட்டல் இப்போது தாழ்ந்திருந்தது. இடுப்பளவில். பிறகு முழங்காலளவில். பிறகு தரையருகே, நகத்தால் கீறுவதுபோல.

சட்டைக் கையின்மேல், அவள் கண்ணெதிரே, வெண்பனி பூத்தது. ஒரு விரல். அடுத்து ஒன்று. ஐந்தும். அவை இறுகின. அவளைக் கிடங்கின் வெளிவாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போயின.