வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது

அன்று மாலை பள்ளியின் டேப்லெட் அறைக்கு வந்தவர்கள் மூன்று பேர்: பள்ளிக்கூடத்தைக் கட்டி எழுப்பிய பெரியவர், அங்கே ஆசிரியையாக இருக்கும் அவருடைய மருமகள், டேப்லெட்டுகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். வேறு யாரும் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பெரியவரின் மகளும் அந்தப் பள்ளியில்தான் கணக்கு நடத்தினாள். நோயில் படுத்த பிறகும் வீட்டிலிருந்தே டேப்லெட் வழியாகப் பாடம் எடுத்தாள். அவள் வகுப்பைத் தொடங்கினால் பிள்ளைகளின் திரைகள் பூட்டிக்கொள்ளும். அவள் முடித்தால்தான் திறக்கும். பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு மூச்சு நின்றுவிட்டது. வகுப்பை அவள் முடிக்கவில்லை.

அன்றிலிருந்து எல்லாத் திரைகளும் பூட்டியே கிடந்தன. பரீட்சை நெருங்கிவிட்டது.

"மேடம் பேரை எடுத்துட்டு இவங்க பேரைப் போட்டா திறந்துடும் சார்," என்றார் மெக்கானிக், மருமகளைக் காட்டி.

"என் பொண்ணு நின்ன இடத்துல இன்னொருத்தர் பேரா? வேற வழி இருந்தா பாருய்யா. இல்லைன்னா கிளம்பு."

வேறு வழி அவளுடைய விரல் ரேகை மட்டுமே. மகள் பெயரில் வேறு எவரும் பாடம் எடுத்துவிடக் கூடாது என்று அப்படி வைக்கச் சொன்னவரே பெரியவர்தான். அந்த விரல் சாம்பலாகிவிட்டது.

மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே வண்டியிலிருந்து பெட்டியை எடுக்கப் போனார். அவர் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

அறையில் சூடான பிளாஸ்டிக் வாடை. அதனூடே மெல்ல மருந்து நெடி ஏறியது. பெரியவருக்கு அது பழகிய நெடி. மகளின் கட்டிலருகே மாதக்கணக்கில் சுவாசித்தது.

வரிசையாக நின்ற டேப்லெட்டுகள் ஒவ்வொன்றாக வெளிச்சம் போட்டன. வெள்ளைத் திரை, நடுவே ஒற்றை வரி.

மருமகள் கதவை இழுத்தாள். அசையவில்லை. தட்டினாள். பஞ்சில் தட்டியதுபோல் சத்தமே எழவில்லை. கைப்பேசியை எடுத்தாள். அதிலும் அதே வெள்ளைத் திரை, அதே வரி: வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது.

"மாமா, உங்க போனைப் பாருங்க."

அவருடையதும் அப்படித்தான்.

நடுவில் இருந்த ஆசிரியர் டேப்லெட்டில் வருகைப் பட்டியல் விரிந்தது. இரண்டே பெயர்கள். அவர் பெயர். அவள் பெயர்.

"யாரும் எழுந்திருக்கக் கூடாது," என்றது எல்லா டேப்லெட்டிலிருந்தும் ஒரே குரல். "பாடம் இன்னும் முடியல."

மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி குரல் மாமா. எனக்கு மூச்சு முட்டுது. வீட்டுல குழந்தை தனியா இருக்கு. நீங்க சொன்னா கேப்பாங்க, சொல்லுங்க."

பெரியவர் நிமிர்ந்தே நின்றார். ஆசிரியர் சொல்லாமல் எவரும் வகுப்பை விட்டு வெளியேறுவதில்லை என்பது அவர் போட்ட சட்டம். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதில் சலுகை கிடையாது. வாழ்நாளில் அவர் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

மருமகள் மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். உதடுகள் வெளுத்திருந்தன.

அவர் திரைக்கு முன்னால் போனார்.

கையை உயர்த்தினார்.

"இவளை அனுப்பிடும்மா. உன் தம்பி பொண்டாட்டி. பச்சைக் குழந்தைக்காரி."

பிறகு பட்டியலிலிருந்து ஒரு பெயர் மறைந்தது. கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்கு விலகியது.

"நீங்களும் வாங்க மாமா!"

"போ. என் பேர் இன்னும் இருக்கு." அவள் வெளியேறியதும் கதவு மீண்டும் சாத்திக்கொண்டது.

"அப்பா," என்றது குரல், மிக அருகில். "நீங்க உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.

மெக்கானிக் வெல்டரைக் கூட்டிவந்து அந்த இரும்புக் கதவை அறுத்துப் பார்த்தார். சூடு ஏறியதே தவிர, தகட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. உள்ளே ஒரு கிழட்டுக் குரல் பின்னக் கணக்குக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மகள் போன துக்கத்தில் பெரியவர் புத்தி பேதலித்து, உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழே கிடையாது.