நிறைகுடம் எதிரே வர

பின்சீட்டில் ஓர் ஈர வட்டம் இருந்தது.

திருநெல்வேலி மோட்டார் கம்பெனியிலிருந்து பிளசர் கார் திரும்பி வந்து கொட்டகையில் அப்போதுதான் நின்றிருந்தது. ஆவுடைநாயகம் பிள்ளை வழக்கம்போல் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மெழுகு போட்டுத் தேய்த்திருந்த மட்கார்டில் அவர் முகம் கோணலாகத் தெரிந்தது. பெட்ரோல் வாடையும் புது மெழுகின் வாடையும் சூடாக மூக்கில் ஏறின. பின்கதவைத் திறந்தபோது இரண்டிலும் சேராத இன்னொரு வாடை, மஞ்சள் பூசிக் குளித்த உடம்பின் வாடை, குளிர்ந்து வந்து முகத்தில் படிந்தது. கறுப்புத் தோல் சீட்டில், வழக்கமாக அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீர்க் குடத்தை வைத்து எடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வட்டம்.

கொட்டகைக்கு ஓடு மாற்றிச் சில மாதங்கள்தான் ஆகின்றன, ஒழுக்கு இல்லை. வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. ஆனால் சாரல் வட்டமாகப் பெய்யாது.

தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தார். தோல் காய்ந்து பளபளத்தது. கதவைச் சாத்தப் போனவர் இன்னொரு முறை பார்த்தார். வட்டம் அதே இடத்தில் இருந்தது.

"ஏ துல்கர்னைன்!"

டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"வாற வழியில யாரையும் ஏத்துனியா?"

"யாரைய்யா ஏத்தப் போறேன்? ஆலங்குளம் தாண்டுனதுல இருந்து ஒரே மழை. ரோட்டுல ஒரு குஞ்சு இல்ல."

"பிரேக்கு?"

துல்கர்னைன் தரையைப் பார்த்தான். "கழுவி மெழுகு போட்டுக் குடுத்துட்டானுவய்யா. சக்கரத்தைக் கழட்டவே இல்ல. நான் பக்கத்துலயேதான் நின்னேன். கேட்டா, 'ஓட ஓடப் பிடிச்சிரும்'ங்கான். வண்டி வந்த நாள்ல இருந்து இதே பாட்டுத்தான் பாடுதான்."

"சரி, நீ போ."

மேலகரத்துக்கு வந்த முதல் பிளசர் அது. கப்பலில் இருந்து இறங்கிய கையோடு தமக்கு வந்த வண்டி என்று அவர் தென்காசிக் கோயில் மண்டபத்தில் வைத்துச் சொல்லியிருந்தார். நிறுத்தினால் கல் நட்டமாதிரி நிற்கும் என்றும் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை நம்பிச் சுரண்டையில் அவர் மைத்துனர் நெல்லையப்ப பிள்ளையும் அதே கம்பெனியில் ஒன்று வாங்கினார். அப்புறம் முதல் சாரல் விழுந்தது. சக்கரம் நனைந்தால் பிரேக் பிடிப்பதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

அவர் கம்பெனிக்குப் போகாமல் இல்லை. போனால் முன்கூடத்து பெஞ்சில் உட்காரவைப்பார்கள். சோடா வரும். மானேஜர் சாப்பிடப் போயிருக்கிறார் என்பார்கள். வெயில் தாழும்வரை சாப்பிடுவார். வந்ததும் கை கூப்பி, "ஐயா மாதிரி பெரிய மனுசங்க வச்சிருக்கதே எங்க கம்பெனிக்குப் பெருமை" என்பார். பிரேக் என்று இவர் ஆரம்பித்தால், "டிரைவரை மாத்திப் பாருங்க ஐயா, மிதிக்கத் தெரியணும்லா" என்று சிரிப்பார். ஒருநாள் அதே கூடத்தில் ஒரு வக்கீல், தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நெஞ்சு வெடிக்கக் கத்தினார். தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் நிற்கிற மனிதரைப் பார்ப்பதுபோல் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். தம் குடும்பத்தில் ஒருவன் இப்படி நிற்கக்கூடாது என்று அன்று முடிவு செய்தார். அதற்குப் பிறகு கம்பெனி சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வந்தார். ஊரில் யார் கேட்டாலும் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த வீட்டில் பிளசர் கிளம்புவதற்கு ஒரு முறை உண்டு. வீட்டு முற்றத்திலிருந்து தெருக் கேட் வரை, தென்னை வரிசைகளுக்கு நடுவே செம்மண் பாதை சரிவாக இறங்கும். கேட் பக்கமிருந்து ஒரு சுமங்கலி இடுப்பில் நிறைகுடத்தோடு எதிரே வரவேண்டும். வண்டி அவள் முன்னால் வந்து நிற்கும். பிள்ளை குடத்தைப் பார்த்துக் கும்பிடுவார். பிறகே அவள் ஒதுங்குவாள். வண்டி தெருவுக்கு இறங்கும். அதற்கென்று காவல்காரன் பலவேசத்தின் பெண்டாட்டி குருவம்மாளைப் பழக்கி வைத்திருந்தார். நெற்றி நிறையக் குங்குமமும் கை நிறையக் கண்ணாடி வளையலுமாக அவள் நடந்து வந்தால் போகிற காரியம் முடிந்த மாதிரிதான். "சிரிச்ச முகமா வரணும். வண்டியப் பாத்து நீயா ஒதுங்கிரக்கூடாது, சகுனம் முறிஞ்சிரும். வண்டிதான் உனக்காக நிக்கணும்" என்று அவரே சொல்லிக்கொடுத்திருந்தார்.

போன வருஷம் சாரல் நாளில், குற்றாலத்து பங்களாவில் வந்து தங்கியிருந்த இலத்தூர்க்காரர்களோடு மகள் வடிவாம்பாளுக்குச் சம்பந்தம் பேசக் கிளம்பினார்.

"வேண்டாம்யா," என்றான் துல்கர்னைன். "சக்கரம் நனைஞ்சிருக்கு. வில்வண்டியில போயிரலாம்."

"சம்பந்தம் பேசப் போறவன் மாட்டு வண்டியில போய் இறங்கவா? எடுலே."

குருவம்மாள் சிரித்த முகமாக வந்தாள். "ஐயா, பிடிக்கல!" என்று துல்கர்னைன் அலறினான். கைப்பிரேக்கை இழுத்தான். குருவம்மாளுக்குத் தெரிந்திருக்கும், கண் விரிந்ததைப் பிள்ளை பார்த்தார். கால் மட்டும் நகரவில்லை. ஒதுங்கக்கூடாது என்று ஐயா சொல்லியிருந்தார்.

ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் படியில் வழுக்கி விழுந்து செத்துப்போனாள் என்று பிள்ளை சொன்னார். வயலில் நின்ற பலவேசத்தைக் கூப்பிட்டு வரச் செய்து அவனிடமும் அதையே சொன்னார். காரியமெல்லாம் அவர் செலவில் குறைவில்லாமல் நடந்தது. வீட்டுப் பெண்களுக்கும் அதுதான் கதை. துல்கர்னைன் அதற்குப் பிறகு அதிகம் பேசுவதில்லை. நசுங்கின மட்கார்டைச் சரிசெய்ய வண்டி கம்பெனிக்குப் போனது.

"எதுல முட்டுச்சு ஐயா?" என்றார் மானேஜர்.

"மாடு குறுக்க வந்துட்டு."

"அப்ப குத்தம் மாட்டு மேலதான். நம்ம வண்டிய ஒண்ணும் சொல்றதுக்கில்ல, என்ன?"

பிள்ளை தலையை ஆட்டினார். அந்த ஓர் ஆட்டலுக்குப் பிறகு பிரேக்கைப் பற்றி எந்த வாயால் கேட்பது?

இப்போது ஆடி முடிந்துவிட்டது. சீருக்கு வந்திருந்த வடிவாம்பாளை ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுவிட வேண்டும். சம்பந்தி வீட்டார் இந்த வருஷமும் குற்றாலத்தில்தான். நல்ல நேரம் விளக்கேற்றுவதற்கு முன்னால் என்று குறித்திருந்தது. மலை முழுவதும் மேகம் இறங்கி, அந்திக்கு முன்பே அந்தி வந்ததுபோல் இருந்தது. தென்னை ஓலைகளில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சொட்டுக்களுக்கு நடுவே, ஈர மண்ணில் வெறுங்கால் வைத்து யாரோ நிதானமாக நடப்பதுபோல் ஒரு சத்தம் கொட்டகைப் பக்கம் கேட்டது. பிள்ளை திரும்பிப் பார்த்தார். வண்டிதான் நின்றது.

கேட்டைத் திறந்துவைக்கப் பலவேசம் வந்தான். தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்தான்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன்."

"என்ன?"

"அவ வழுக்குத படியா ஐயா அது? பாவாடை கட்டுன நாள்ல இருந்து ஏறி இறங்குன படி."

"பாசி பிடிச்சிருந்துச்சுலே. விதி. போய்க் கேட்டைத் தொற."

"விதிதான்" என்று பலவேசம் ஒத்துக்கொண்டான். "ஐயா இல்லன்னா அவளைத் தூக்கிப் போட நாதியில்ல" என்று கும்பிட்டுவிட்டுச் சரிவில் இறங்கிப் போனான்.

மனைவி மங்களேஸ்வரி அரக்குப் பட்டு உடுத்தி, விளக்கி மினுக்கிய பித்தளைக் குடத்தோடு வெளியே வந்தாள்.

"நீ எங்க போற?" என்றார்.

"நல்லாருக்கே! குருவு போனதுக்கு அப்புறம் குடத்தோட வர ஆள் ஏது? நானே எதிர வாறேன்."

"வேண்டாம். இன்னைக்குக் குடம் வேண்டாம்."

மங்களேஸ்வரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "புள்ள புருசன் வீட்டுக்குப் போகுது. நிறைகுடம் வேண்டாமா? ஏன், என்ன விசயம்?"

பிரேக் பிடிக்காது என்று சொன்னால் போதும். இரண்டு வார்த்தை. பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்த துல்கர்னைன் கை அசையாமல் நின்றது; அவனும் அந்த இரண்டு வார்த்தைக்காகக் காத்திருந்தான். சம்பந்தி வீட்டிலிருந்து அழைக்க வந்த இரண்டு பெரியவர்கள் கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொன்னால் அடுத்த கேள்வி வரும். எப்போதிருந்து பிடிக்கவில்லை? அதற்கடுத்த கேள்வியைப் பலவேசம் கேட்பான்.

"ஒண்ணுமில்ல. மழையில நனைவியேன்னு சொன்னேன்."

"கரைஞ்சா போவேன்?" என்று சிரித்துவிட்டு அவள் போனாள்.

துல்கர்னைன் பெட்டியைக் கட்டி முடித்தான். "ஐயா" என்றான்.

"மெள்ளமா எறக்கு. மெள்ளமா எறக்குனா நிக்கும்."

பிள்ளை வண்டியில் ஏறினார். கூரைத் துணி இழுத்து மூடியிருந்ததால் உள்ளே நல்ல இருட்டு. வடிவு அவருக்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தாள். முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்தி, வெளியே பார்த்தவாறு. புடவை நனைந்து அவள் பக்கத்துச் சீட்டெல்லாம் ஈரமாகியிருந்தது. பிறந்த வீட்டைவிட்டுப் போகிற பெண், அழட்டும் என்று நினைத்தார்.

"நனைஞ்சிட்டியாம்மா?"

வளையல்கள் சிணுங்கின.

துல்கர்னைன் முன்னால் போய் ஹேண்டிலைச் சுற்றினான். இஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது. வண்டி முற்றத்தைவிட்டு நகர்ந்து சரிவின் தலைக்கு வந்தது. மஞ்சள் வாடை கூடிக்கொண்டே வந்தது. மஞ்சளோடு, ஆற்று மண்ணின் வாடையும்.

பின்னாலிருந்து ஒரு குரல்.

"அப்பா! அப்பா! நில்லுங்க! நான் இன்னும் ஏறவே இல்லையே!"

பின்பக்கத்துச் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். வீட்டு வாசலில், குடையைப் பிடித்துக்கொண்டு, வடிவாம்பாள். சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள்.

பிள்ளை பக்கத்தில் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. ஈரப் புடவை அவர் தொடையோடு ஒட்டிக் கிடந்தது. அதன் குளிர் வேட்டியைத் தாண்டி எலும்பில் இறங்கியது.

வண்டி சரிவில் இறங்கிவிட்டது.

கேட் பக்கமிருந்து மங்களேஸ்வரி வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் குடம். கண் குடத்தின் மேல். ஒரு சொட்டும் சிந்தாமல் வருகிற நடை.

துல்கர்னைன் மிதித்தான். மறுபடி மிதித்தான். அடிப்பலகையில் கால் இடித்தது. கைப்பிரேக் கிறீச்சிட்டது.

"ஐயா, பிடிக்கல!"

அதே குரல். அதே சொல்.

கத்த வேண்டும். ஒதுங்கு என்று கத்த வேண்டும். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பலவேசம் நின்றான். கத்தினால் அவன் காதில் விழும். பிள்ளையின் நாக்கு ஒரு கணம் தயங்கியது.

ஒரே ஒரு கணம்.

பிறகு வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தண்ணீர் வந்தது. குளிர்ந்த ஆற்றுத் தண்ணீர், வாய் கொள்ளாமல், தாடையில் வழிந்து, மார்பில் வழிந்து.

பக்கத்தில் இருந்தவள் அசைந்தாள். கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கைகள் நீண்டு, ஒரு குடத்தை எடுத்து அவர் மடியில் வைத்தன. ஒரு பக்கம் நசுங்கின குடம். விளிம்புவரை தண்ணீர்.

வண்டி குலுங்கியது. தென்னைகள் பின்னால் ஓடின. குடம் தளும்பவில்லை.

எதிரே மங்களேஸ்வரி தலை நிமிர்ந்தாள். கண் விரிந்தது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அவர் அந்த வீட்டில் சொல்லிவைத்திருந்தபடியே, ஓர் அடிகூட ஒதுங்காமல் நின்றாள்.