சிரிக்காமல் கேட்டவள்

மழைக்கும் அவளுடைய மூக்குக்கண்ணாடிக்கும் என்றைக்குமே ஆகாது. அன்றைக்கு மழை கொஞ்சம் அதிகமாகவே பகை சாதித்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனாள்... கை வழுக்கிற்று... அவள் குனிவதற்குள் எங்கிருந்தோ ஓடிவந்த ஒரு செருப்பு அதன்மேல் பதிந்தது.

சடக்!

"ஐயோ! கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியும்ங்க... இனிமே உங்களுக்குத்தான் தெரியாது போலிருக்கு," என்றான் செருப்புக்குச் சொந்தக்காரன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "தப்புதாங்க. கோவிச்சுக்காதீங்க. அதோ எதிர்ல தெரியுதே, அது எங்க கடைதான்."

"எது? எனக்கு ஒண்ணுமே தெரியல!"

"கண்ணாடிக் கடைங்க."

"ஓஹோ... கடைக்கு ஆள் பிடிக்க இப்படித்தான் மிதிச்சுக்கிட்டுத் திரிவீங்களா?"

"மழைக்காலத்துல மட்டும்."

அவளுக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் உதடு பிரியவில்லை. அது அவள் வேலை கற்றுக்கொடுத்த பழக்கம். கடைகளிலும் வண்டிகளிலும் ஆஸ்பத்திரி வரிசைகளிலும் சாதாரண சனங்கள் எப்போது, யாரிடம், எதற்காக ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள், அந்த ஆங்கிலத்தை எங்கே பிடிக்கிறார்கள்... இதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பேசுகிறவர் முகத்துக்கு நேரே சிரித்தால், அதோடு அவர் வாய் அடைத்துப்போகும். அதனால் முகத்தைச் சுவர்போல வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள் பெண்.

கடையின் உள்ளறையில் உட்காரவைத்து, கனத்த சோதனைச் சட்டத்தை அவள் மூக்கின்மேல் வைத்தான். கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றினான்.

"இதுவா... அதுவா? எது தெளிவா இருக்கு?"

எதிரே எழுத்துப் பலகையைப் பார்க்கச் சொல்லியிருந்தான். அவள் பார்த்தது வேறு. ஒவ்வொரு வில்லைக்கும் அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடுபனியைவிட்டு வெளியே வந்தது. முதலில் நெற்றி... பிறகு இமையில் இன்னும் காயாத மழைத்துளி... கடைசியில் கண்கள். ஓரத்தில் சிரிப்பு ஒளிந்திருந்த கண்கள்.

"இதுதான்," என்றாள். குரல் ஏனோ இறங்கிப்போயிருந்தது.

அதற்குள் முன்பக்கம் ஒரு பெரிய மனிதர் வந்து ஆங்கிலத்தில் அதட்டினார். கல்லாவில் இருந்த அவனுடைய அக்கா, "டேய் தம்பி, உன் ஆளு வந்திருக்காரு, நீயே பேசு," என்று ஒதுங்கிக்கொண்டாள். கடை அக்கா புருஷனுடையது. கண் சோதிப்பவன் தம்பி.

"திஸ் ஃப்ரேம், சார்... யுவர் ஃபேஸ் வெரி ஹாப்பி!" என்று அவன் அளந்தான். பெரிய மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அவனும் கூடச் சிரித்தான். ஆனால் அவன் காது மடல் சிவந்ததை அவள் பார்த்தாள். புது வில்லையாயிற்றே... நன்றாகவே தெரிந்தது.

அன்றைக்கே அக்காவிடம் அனுமதி கேட்டாள். ஒலிப்பதிவுப் பெட்டியைக் கல்லாவில் வைத்து, வருகிறவர்களுக்கும் பேச்சு பதிவாகிறது என்று மட்டும் சொல்லி, மழைக்காலம் முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தாள். 'பொட்டியம்மா' என்று அக்கா பெயர் வைத்தாள்.

எத்தனை விஷயங்கள் கிடைத்தன! கோபம் வந்தால் ஆங்கிலம் வருகிறவர்கள்... மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் மட்டும் ஆங்கிலம் பேசுகிற மாமனார்... மன்னிப்பு என்று வாய்திறந்து கேட்கக் கூசுகிறவர்கள்கூட ஒரு 'சாரி'யை உதறிவிட்டுப் போய்விடுகிறார்கள். தன் மொழியில் கனக்கிற சொல், இன்னொரு மொழியில் லேசாகிவிடுகிறது. அதை அவள் ஒரு தனி அத்தியாயமாகவே எழுதினாள்.

அவன்? அவன் வாடிக்கையாளர்களிடமிருந்தே ஆங்கிலம் பொறுக்கினான். காலையில் ஒருவர் சொன்ன வார்த்தையை மாலையில் இன்னொருவரிடம் போட்டுப் பார்ப்பான். பிறகு ஓரக்கண்ணால் அவளைப் பார்ப்பான். அவள் சிரிக்கமாட்டாள். அவன் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகும்.

அந்தப் பார்வைக்காகவே அவள் சீக்கிரம் வர ஆரம்பித்தாள்... தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம், கடையில் யாருமில்லாத நேரத்தில், வில்லைப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"லென்ஸ் கம்பெனியில பயிற்சியாளர் வேலைக்கு ஆள் எடுக்கறாங்க. வெளியூரு. கிடைச்சா மாமா கடையில மாமா தயவுல நிக்கவேணாம். ஆனா இன்டர்வியூ இங்கிலீஷ்ல... நீங்க எங்கூட தினமும் கொஞ்ச நேரம் இங்கிலீஷ்ல பேசறீங்களா?"

அவள் நெஞ்சு 'சரி' என்றது. ஆனால் அவளுடைய பேராசிரியை முதல் நாளே சொல்லியிருந்த கட்டளை குறுக்கே வந்து நின்றது. யாருடைய பேச்சை ஆராய்கிறாயோ, அந்தப் பேச்சில் உன் கை படக்கூடாது. பட்டால் அத்தனை பதிவும் வீண். காரணத்தை அவனிடம் சொன்னாலும் ஆபத்துதான்... அப்புறம் ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்து யோசித்துப் பேசுவான்.

"முடியாதுங்க," என்றாள்.

"கொஞ்ச நேரம்தான்..."

"முடியாது."

அவன் முகம் விழுந்துவிட்டது. "புரியுதுங்க," என்றான். என்ன புரிந்ததோ! அதற்குப் பிறகு இன்டர்வியூவுக்குப் போனான், வந்தான். எப்படிப் போயிற்று என்று அவள் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. பதிவு முடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு அவளும் போய்விட்டாள்.

மழை நின்று, வெயில் வந்து, மறுபடி வானம் கறுக்கிற சமயம். அவள் எழுதியதைப் படித்த பேராசிரியை, காதில் ஹெட்ஃபோனோடு நிமிர்ந்தார்.

"ஏம்மா, பாதி வரைக்கும் அந்தப் பையன் தாராளமா இங்கிலீஷ் பேசறான். அப்புறம் ஒரு வார்த்தைகூட இல்ல. யார் வந்தாலும் தமிழ்தான். நடுவுல என்ன நடந்துச்சு?"

வாங்கிக் கேட்டாள். பெட்டி அன்று ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவன் தயங்கித் தயங்கிக் கேட்டது... பிறகு ஒரு பெண்குரல், ஈரமே இல்லாமல், 'முடியாது.' இது தன் குரலா? கை படக்கூடாது என்று பார்த்துப் பார்த்து ஒதுங்கினாளே... அந்த ஒற்றைச் சொல்லால் அவன் பேச்சை வேரோடு அல்லவா பிடுங்கிப் போட்டிருக்கிறாள்!

அன்று சாயங்காலமே கடைக்குப் போனாள்.

"வாங்க பொட்டியம்மா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" அக்காவின் குரலில் முள் இருந்தது. "இன்டர்வியூல என் தம்பி வாயே திறக்கலையாம். என்னடான்னு கேட்டேன். 'நான் பேசினா சிரிக்காம கேக்கறது உலகத்துலயே அவங்க ஒருத்தர்தான்க்கா. அவங்களுக்கே என்கூடப் பேசப் பிடிக்கலைன்னா, என் இங்கிலீஷ் அவ்வளவு கேவலம்'னான். போங்க, உள்ளதான் இருக்கான்."

உள்ளறையில் அவன் எழுந்து நின்றான். "வாங்க. பவர் மாறிடுச்சா?"

மரியாதையாகத்தான் கேட்டான். அந்த மரியாதைதான் சுட்டது.

நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கட்டளையை, பயத்தை, பெட்டியில் கேட்ட தன் குரலை.

அவன் பொறுமையாகக் கேட்டான். "ஆராய்ச்சியாவது நல்லா வந்துச்சா?"

"கெட்டுப்போச்சு. நானே கெடுத்துட்டேன்."

"விடுங்க... ஒரு சாரி சொல்லிட்டுப் போங்க, சரியாயிடும்."

"அது லேசா இருக்கும். எனக்கு அது வேணாம்." அவள் நிமிர்ந்தாள். "என்னை மன்னிச்சிடுங்க."

சின்ன அறைக்கு அந்தச் சொல் பெரிதாக இருந்தது. அவன் வில்லைப் பெட்டியைத் திறந்தான், மூடினான்.

"நான் இன்டர்வியூவுக்காக மட்டும் கேக்கலங்க," என்றான் மெல்ல. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். தமிழ்ல சொல்ல வாய் வரல. இங்கிலீஷ்னா வேற யாரோ சொல்ற மாதிரி இருக்கும்ல... உங்ககிட்டயே கத்துக்கிட்டு உங்ககிட்டயே சொல்லிடலாம்னு..."

"இப்ப சொல்லுங்களேன்..."

"மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். அந்த இன்டர்வியூ அறையில என் இங்கிலீஷோட சேர்ந்து அதுவும் போயிடுச்சு."

வெளியே முதல் தூறல் விழுந்தது. அவள் கைகளைக் கோத்துக்கொண்டாள். ஒளிந்துகொள்ள இன்னொரு மொழி அவளுக்கும் இருந்தது. அதற்குள் போகவில்லை.

"நான் சிரிக்காதது வெறும் பழக்கம்ங்க. முதல் நாளே, 'மழைக்காலத்துல மட்டும்'னீங்களே... அப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அடக்கிட்டேன். அன்னைக்கே சிரிச்சிருக்கணும். அன்னைக்கே பிடிச்சிருந்துச்சு... உங்களை. இப்பவும்."

அவன் சோதனைச் சட்டத்தை எடுத்து அவள் மூக்கின்மேல் வைத்தான். வில்லை ஒன்றைச் செருகினான்.

"தெரியுதா?"

"இல்ல... எல்லாம் கலங்கலா இருக்கு."

"கண்ணுல தண்ணி இருந்தா அப்படித்தான். துடைச்சுக்கோங்க." பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "அவசரமில்ல... நான்தான் எங்கயும் போகலையே."