சோபனா தொட்டால் நின்றுபோகும் கணினி

துறைமுகத்துக்கு மேலே, ஓர்ஸ் ஹில் சிறுவர் வாசிகசாலையில் ஒரேயொரு கணினிதான் இருந்தது. அதுவும் அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் இரண்டு தரம் நின்றுபோய்விட்டது.

இரண்டு தரமும் கதிரையில் இருந்தவள் சோபனா.

அவள் பாட்டுக்குக் கணினியில் படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று திரை முழுக்க நீலமாகியது. அதில் ஆங்கிலத்தில் என்னவோ வெள்ளை எழுத்துகள் தெரிந்தன. பிறகு கணினி தானாகவே அணைந்து, தானாகவே எழும்பியது. தீட்டிய நிறம் மட்டும் திரும்பி வரவில்லை.

“நான் ஒண்டும் செய்யேல்ல,” என்றாள் சோபனா.

“நீ ஒண்டும் செய்யத் தேவையில்ல. கையை வைச்சாலே காணும்,” என்றான் தனோஜன். “நான் கிழமை முழுக்க இதிலதான் கதை ரைப் பண்ணினனான். ஒருக்காலாவது நிண்டதா? நீ இருந்தால் மட்டும் நிக்குது. உனக்குக் கைராசி இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற ரிப்காவுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆனால் சோபனாவின் காது இரண்டும் சிவந்துபோனதைக் கண்டதும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

வாசிகசாலைப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு புத்தகம் செய்துகொண்டிருந்தார்கள். ‘எங்கள் துறைமுகம்’ என்பது அதன் பெயர். தனோஜன் கதைகளைத் தட்டச்சு செய்தான். ரிப்கா எழுத்துப் பிழை திருத்தினாள். படங்கள் முழுவதும் சோபனாவுடையவை; கடதாசியில் வரைந்து, கணினியில் ஏற்றி நிறம் தீட்டுவாள். அன்று மாலை ஐந்து மணிக்குள் எல்லாவற்றையும் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால், பாடசாலைப் பரீட்சைத் தாள்கள் அச்சடித்து முடியும்வரை அச்சகத்தில் வேறு வேலை எடுக்கமாட்டார்கள்.

சோபனா நிறப் பென்சில்களை அள்ளிப் பைக்குள் போட்டாள்.

“நான் போறன். மிச்சத்தை வேற ஆரும் செய்யட்டும்.”

ரிப்கா பின்னால் ஓடினாள். வாசல் படலையடியில்தான் அவளைப் பிடிக்க முடிந்தது. கீழே துறைமுகத்தில் ஒரு பெரிய கப்பலைச் சின்னப் படகொன்று இழுத்துக்கொண்டு போனது. சோபனா அதைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“போகாத, சோபனா.”

“நான் இருந்தால்தானே பழுதாகுது.”

“உங்கட வீட்டு டீவி நீ தொட்டால் நிக்குதா?”

“இல்ல.”

“மிக்சி?”

“இல்ல.”

“அப்ப இந்தக் கொம்பியூட்டருக்கு மட்டும் உன்னோட என்ன கோவம்?”

சோபனாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. ஆனாலும் அவள் பையைக் கீழே வைக்கவில்லை.

ரிப்கா யோசித்தாள். தனோஜன் எப்போதும் எழுத்துதான் அடிக்கிறான். சோபனா எப்போதும் படம்தான் திறக்கிறாள். ஒருவர் வேலையை மற்றவர் ஒருநாளும் செய்து பார்த்ததில்லையே! கணினி நிற்பது ஆளாலா, வேலையாலா?

அவள் சோபனாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள்.

“மிஸ், சோபனாவும் தனோஜனும் ஒரு அரை மணித்தியாலம் வேலையை மாத்திச் செய்யட்டுமா?”

வாசிகசாலைப் பொறுப்பாளர் இரத்தினேஸ்வரி மிஸ் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு சோபனாவின் முகத்தைப் பார்த்தார். “சரி. செய்து பாருங்கோ.”

முதலில் சோபனா இருந்தாள். தனோஜனின் கதையை ஒரு பக்கம் அடித்தாள். இரண்டு பக்கம் அடித்தாள். பயத்தில் ஒவ்வொரு எழுத்தையும் ஒற்றை விரலால் தொட்டுத் தொட்டு அடித்தாள். கணினி நிற்கவே இல்லை.

அடுத்தது தனோஜன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கதிரையில் ஏறி இருந்தான். சோபனாவின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். மீன் சந்தை. வெளிச்சவீடு. வள்ளம். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது...

ஏழாவது படத்தில் திரை நீலமாகியது.

தனோஜன் நெருப்பைத் தொட்டவன்போல இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

“நான் ஒண்டும் செய்யேல்ல, மிஸ்!”

சோபனாதான் முதலில் களுக்கென்று சிரித்தாள். தனோஜனுக்கும் விளங்கிவிட்டது. தலையைச் சொறிந்தபடி கதிரையை விட்டு இறங்கினான்.

“அப்ப பிழை ஆளில இல்ல,” என்றாள் ரிப்கா. “கனக்கப் பெரிய படங்கள் திறந்தால்தான் நிக்குது.”

மிஸ் உடனே பாஹிமுக்குத் தொலைபேசி எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். பாஹிம் ரிப்காவின் மாமா. பட்டணத்தில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவர். அறுவடைக்காகத் தோப்பூருக்குப் போயிருந்தார். “அடிக்கடி நிக்குது” என்று மிஸ் முந்தின நாளே சொன்னபோது, “புதன்கிழமை வந்து பார்க்கிறன்” என்றுதான் சொல்லியிருந்தார். இப்போது ரிப்கா விவரமாகச் சொன்னதும் அவருடைய குரல் மாறியது. பின்னால் அறுவடை மெசின் இரைந்தது.

“எழுதினால் நிக்கல்ல, படம் திறந்தால் நிக்குதா? ராம் பழுதாகியிருக்கும், மகள்.”

“ராமா? எங்கட பக்கத்து வீட்டு அண்ணாவுக்கும் அந்தப் பேர்தான்,” என்றான் தனோஜன்.

“நினைவகம்டா! அது வேலை செய்யிற மேசை மாதிரி. எழுத்துக்கு மேசையில ஒரு மூலை காணும். படத்துக்கு முழு மேசையும் வேணும். மேசையில ஒரு பலகை உக்கிப்போயிருந்தால், அதில சாமான் வைக்கிற நேரந்தானே விழும்? உள்ளுக்குள்ள ரெண்டு தகடு இரிக்கும். எது பழுதெண்டு இங்க இருந்து சொல்ல ஏலாது.”

“நாங்க பார்க்கிறம் மாமா,” என்றாள் ரிப்கா. “இவங்க ரெண்டு பேரையும் மாத்தினமாதிரி, அதையும் ஒவ்வொண்டா மாத்திப் பார்க்கலாம்தானே?”

மாமா மெசின் சத்தத்துக்கு மேலால் கத்தினார்.

“ஓம், பார்க்கலாம்! ஆனா முதல்ல வயரைக் கழட்டுங்க. பெட்டிட இரும்பைத் தொட்டு, உடம்பில இரிக்கிற கரண்டைப் போக்கிட்டுத்தான் தகட்டில கை வைக்கணும். மிஸ்தான் கழட்டணும், என்ன?”

மிஸ் வயரைக் கழற்றினார். பெட்டியின் பக்க மூடியைத் திறந்ததும் தூசி பறந்தது. மூன்று பேரும் மாறி மாறித் தும்மினார்கள். உள்ளே விரல் நீளத்தில் இரண்டு பச்சைத் தகடுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மிஸ் கழற்றிக் கொடுக்க, தனோஜன் சின்னக் கடதாசித் துண்டுகளில் ஒன்று, இரண்டு என்று எழுதி ஒட்டினான்.

முதலில் ஒன்றாம் தகட்டை மட்டும் போட்டார்கள். ஐந்தாவது படத்தில் கணினி நின்றது.

“மற்றதையும் அதே இடத்தில போடுவம், மிஸ்,” என்றாள் ரிப்கா. “இல்லாட்டில் பிழை தகட்டிலயா, அந்த இடத்திலயா எண்டு தெரியாது.”

இரண்டாம் தகடு ‘டிக்’ என்று உட்கார்ந்தது. ரிப்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இதிலும் கணினி நின்றால் வேறு வழி இல்லை.

ஐந்தாவது படம் திறந்தது. ஏழாவது திறந்தது. பத்து. பன்னிரண்டு. பதினைந்தாவதும் திறந்தது. திரை நீலமாகவில்லை.

“நிக்கேல்ல!” என்று கத்தினான் தனோஜன். மிஸ் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அப்படியே கதிரையில் சாய்ந்துவிட்டார். ரிப்கா பிடித்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டாள்.

தனோஜன் கணினிக் கதிரையைத் துடைத்து சோபனாவின் பக்கம் தள்ளினான்.

“இரு. நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“எப்பிடி?” என்று கேட்டாள் சோபனா, வேண்டுமென்றே.

“அதுதான்... கைராசி.”

“ம்,” என்றாள் சோபனா. பையிலிருந்து பென்சில்களை எடுத்து மேசையில் பரப்பினாள்.

ஒரு தகடு இல்லாமல் பாதி மேசைதான் மிச்சம் என்பதால் கணினி நத்தைபோல நகர்ந்தது. ஒரு நிறம் மாறுவதற்குள் தனோஜன் இரண்டு கொட்டாவி விட்டான். ரிப்கா விடுகதை போட்டாள். யாரும் கோபப்படவில்லை. நின்று நின்று போவதைவிட ஊர்ந்து ஊர்ந்து போவது எவ்வளவோ மேல்.

கடைசிப் படத்தில் ஊருக்குள் திரியும் புள்ளிமான் ஒன்று கடற்கரை வீதியில் மீன்காரரின் சைக்கிள் கூடைக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றது. அதன் முதுகில் கடைசி வெள்ளைப் புள்ளியை வைத்து சோபனா சேமித்தபோது மணி நாலு இருபத்தைந்து.

மிஸ் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றி, தலைக்கவசம் போட்டு, ஸ்கூட்டரை எடுத்தார். மூன்று பேரும் வாசற்படியில் இருந்து வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசிகசாலைத் தொலைபேசி அடித்தது. ரிப்கா ஓடிப்போய் எடுத்தாள்.

“குடுத்தாச்சு பிள்ளையள்!” என்றது மிஸ்ஸின் குரல்.

தனோஜன் வாசலிலேயே ஒரு சுற்று ஆடினான். சோபனா கால் இரண்டையும் நீட்டி, சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“ரிப்கா,” என்றாள், “எனக்குச் சரியாப் பசிக்குது.”

அப்போதுதான் மூன்று பேருக்கும் ஞாபகம் வந்தது, மத்தியானம் யாருமே சாப்பிடவில்லை என்று.