மாடி அறை, மதியம் இரண்டு மணி

"இன்னைக்கு நீ அந்தக் கண்காட்சிப் பக்கம் தலை காட்டாத," என்றார் கணவர், தையல் மிஷினிலிருந்து நிமிராமலே. "தம்பி குடும்பத்தோட வரான். அவன் பொண்டாட்டிதான் அதை நடத்துறாளாம். ரெண்டு வருஷம் கழிச்சு அம்மா பேத்தி முகத்தைப் பாக்கப் போறாங்க. உன்னைப் பாத்துட்டு அவங்க திரும்பிப் போயிடக் கூடாது."

பெரியவள் கையிலிருந்த தேநீர்க் குவளையை மிஷின் ஓரமாக வைத்தாள். தன்னை வர வேண்டாம் என்றது அவளுக்கு உறைக்கக்கூட இல்லை. கண்காட்சியை நடத்துவது சின்னவள் என்பது அவளுக்கு இந்த நிமிடம் வரை தெரியாது.

"யாரு... நம்ம சின்னவளா நடத்துறா?"

"டிராயிங் டீச்சர் வேற யாரு நடத்துவா? வெயில் ஏறிப்போச்சு, மழை மாறிப்போச்சுன்னு தெருத்தெருவா ஜனங்களையே படமும் பொம்மையும் செய்யச் சொல்லி வாங்கி மாட்டுறாளாம்."

உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "மாசமா இருந்தவளைச் சோறு ஆக்கிப் போட முடியாதுன்னு சொல்லித் துரத்தினியே... அந்த மனசு உனக்கு எப்படித்தான் வந்துச்சோ. தனக்கு இல்லாதது அடுத்தவளுக்கு வந்துடக் கூடாதுன்னு இருந்தவதானே நீ."

பெரியவள் இந்தப் பேச்சைத் தினமும் காலையில் பல் விளக்குவதுபோல் கேட்டுப் பழகியிருந்தாள். இன்று அவள் மனம் வேறிடத்தில் கிடந்து தவித்தது. கண்காட்சி நடக்கும் சமுதாயக் கூடத்தில் அவள் பின்னிய போர்வை தொங்கிக்கொண்டிருக்கிறது.

அடுப்பில் ஒன்றும் அடிப்பிடிக்காமல் அன்று சமைத்தது பெரிய காரியம். நாலு முறை வாசலுக்குப் போனாள், நாலு முறை திரும்பினாள். பத்து மணிக்கு, "நூல் வாங்கிட்டு வந்துடறேன்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். கணவரும் மாமியாரும் புறப்படப் பதினொன்றாகும். அதற்குள் போர்வையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

சின்னவள் மாசமானது தெரிந்த அன்று தொடங்கிய போர்வை அது. மெல்லிய பச்சையும் மஞ்சளுமாக முதல் நூற்கண்டுகளைத் தேர்ந்து கொடுத்ததே சின்னவள்தான். அப்போது அவளும் கொழுந்தனும் தகரக் கூரை போட்ட மாடி அறையில் இருந்தார்கள். கீழே ஒரு அறை மாமியாருக்கு, ஒரு அறை தையல் மிஷின்களுக்கு. பெரியவளும் கணவரும் மிஷின்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தார்கள். மாடி அறையில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டிவைத்து, தினமும் மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்து, அந்தச் சூட்டுக்கு ஒரு நிறம் என்று நாளுக்கு ஒரு வரி பின்னினாள். முப்பதுக்குள் பச்சை, அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, நாற்பதைத் தாண்டினால் அரக்கு. முதலில் விளையாட்டாகத்தான் செய்தாள். ஒரு சாண் வளர்வதற்குள் பச்சை காணாமல் போனது, இரண்டாவது சாணில் மஞ்சளும் போனது. அதற்குப் பிறகு அவள் விளையாட்டாகப் பின்னவில்லை.

ஏனென்றால் பதினான்கு வருடங்களுக்கு முன், ஒரு கோடையில், அதே அறையில் ஆறு மாதக் கர்ப்பத்தோடு இருந்தவள் அவள். அந்தக் குழந்தை தங்கவில்லை. வெயில்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, ராசியில்லாதவள் என்று மட்டும் சொன்னார்கள்.

மிஷின்களை மாடிக்கு மாற்றி, சின்னவளைக் கீழே கொண்டுவரச் சொல்லிக் கணவரிடம் கெஞ்சினாள். துணி வெந்துவிடும் என்றார். வேறு வீடு பார்க்கச் சொல்லிக் கொழுந்தனிடம் ஜாடையாகச் சொன்னாள். அண்ணனை விட்டுப் போக மாட்டேன் என்றான். உள்ளதைச் சொல்லலாம்தான்... ஆனால் வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் போய், உன் பிள்ளையும் என் பிள்ளை மாதிரி ஆகிவிடும் என்று எந்த வாயால் சொல்வது? அந்தச் சொல்லே பலித்துவிட்டால்? சொல்லக் கூடாததைச் சொல்வதைவிட வையக் கூடாதவளை வைவது மேல் என்று முடிவு செய்தாள். வைதாள். அன்று சாயங்காலமே அவர்கள் பெட்டியோடு இறங்கிப் போனார்கள்.

கண்காட்சிக்குப் பொருள் சேர்த்துக்கொண்டிருந்த நூலகத்து அம்மாள் பத்து நாளைக்கு முன் வீட்டுக்கு வந்து, "பேரெல்லாம் வேண்டாம், எங்கே எப்போ அளந்ததுன்னு மட்டும் எழுதிக் குடு," என்று போர்வையைக் கேட்டபோது, யாராவது ஒருவர் பார்க்கட்டுமே என்ற ஆசையில் கொடுத்துவிட்டாள். இப்போது அந்த ஆசைதான் அவளைத் தெருவில் வேகவேகமாக நடக்க வைத்தது. விஷயம் வெளியே வந்தால் பழி மாமியார் தலையிலும் கணவர் தலையிலும் அல்லவா விழும். தன்மேல் இருப்பது தன்னோடு போகட்டும்.

கூடத்தில் அதற்குள் நல்ல கூட்டம். மருந்துக்கடைக்காரர் செத்துப்போன குளத்து மீன்களைக் கம்பியில் செய்து தொங்கவிட்டிருந்தார். நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கும் சூரியனை ஏதோ ஒரு பிள்ளை வரைந்திருந்தது. கடைசிச் சுவரில் உத்தரத்திலிருந்து இறங்கித் தரையில் மடிமடியாக விழுந்து கிடந்தது அவள் போர்வை. குழந்தைக்கென்று தொடங்கியது இரண்டு வருடத்தில் நாலு ஆள் உயரம் வளர்ந்திருந்தது. அதன்முன், இடுப்பில் குழந்தையோடு, சின்னவள் நின்றிருந்தாள். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

பெரியவள் திரும்பிப் போயிருக்கலாம். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தது.

"நில்லுங்கக்கா," என்றாள் சின்னவள், ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, போர்வையிலிருந்து விரலை எடுக்காமலே. "இது நான் எடுத்துக் குடுத்த நூல். இந்த வரி நாங்க வீட்டை விட்டுப் போன நாள். இது மட்டும் ஏன் கறுப்பு?"

"நூல் தீந்துடுச்சும்மா..."

"பொய் சொல்லாதீங்க."

"நாப்பத்தஞ்சு." பெரியவளின் குரல் அடங்கிப்போனது. "அரக்குக்கு மேல எங்கிட்ட நிறம் இல்ல. உங்க மூத்தாரோட கறுப்புத் தையல் நூலை முறுக்கிப் போட்டேன்."

"அதனாலதான் விரட்டினீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ரெண்டு வருஷமா உங்களை நான் எப்படியெல்லாம் சபிச்சிருக்கேன் தெரியுமா..."

"சபிச்சா என்ன, பொண்ணு நல்லா இருக்கா இல்ல?"

சின்னவளுக்கு அழுகை முட்டியது. போர்வையின் மீதி முழுவதையும் கையில் அள்ளினாள். "சரி, நாங்க போயிட்டோம். காலி அறைதானே. அதுக்கப்புறமும் எதுக்கு தினம் ஏறிப்போய் அளந்தீங்க?"

"நீங்க என்னைக்காவது கோவம் தணிஞ்சு திரும்பி வரோம்னு சொன்னா..." பெரியவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "வரலாமா, கூடாதான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?"

பின்னால் ஏதோ கீழே விழுந்தது. மாமியாரின் கைத்தடி. முன்னதாகவே கிளம்பி வந்த மகன்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருக்க, அவர் எப்போது வந்து நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை. பேத்தியை அவர் பார்க்கவில்லை. போர்வையில் குத்தியிருந்த சீட்டைத்தான் பார்த்தார். மாடி அறை, தகரக் கூரை, மதியம் இரண்டு மணி.

"என்னை அங்க கூட்டிட்டுப் போங்க," என்றார்.

"எங்கம்மா?"

"அந்த அறைக்கு. ரெண்டு மணிக்கு."

மூட்டு வலியால் பதினைந்து வருடமாக மாடிப்படி ஏறாதவர். பிள்ளைகள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் அறைக்குள் இறக்கினார்கள். தகரம் அவ்வப்போது படபடவென்று சத்தமிட்டது. மாமியார் நாற்காலிக் கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். ஐந்து நிமிடத்தில் அவர் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பத்தாவது நிமிடத்தில் மூச்சு இழுத்தது. தூக்க வந்த மூத்த மகனின் கையைத் தட்டிவிட்டார்.

"நீ பொறுடா. இவ எத்தனை மாசம் பொறுத்தா." மூத்த மருமகளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "உன்னையும் இங்கதானேடி வெச்சிருந்தேன்... ராசியில்லாதவன்னு வேற சொன்னேன்."

பெரியவள் குனிந்து அவர் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். மாமியார் அந்தக் கையைப் பிடித்து முகத்தில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கணவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். துணி வெந்துவிடும் என்று சொன்னவர் அவர்.

"அத்தையைக் கீழ இறக்குங்க," என்றாள் பெரியவள். "இன்னும் நின்னா அவங்களுக்கு ஆகாது."

சாயங்காலம் கூடத்தை அடைப்பதற்கு முன் மருமகள்கள் இரண்டு பேரும் நூல் பையோடு திரும்பி வந்தார்கள். சின்னவள் தரையில் உட்கார்ந்து, போர்வையின் முடியாத நுனியில் குத்தியிருந்த குரோஷா ஊசியை எடுத்தாள்.

"இன்னைய வரியை நான் போடுறேன்க்கா. என்ன நிறம்?"

"கறுப்பு," என்றாள் பெரியவள், மடியில் தூங்கிப்போன குழந்தையைத் தட்டியபடி.

பின்னி முடித்ததும் சின்னவள் சீட்டைக் கழற்றிப் பேனாவைத் திறந்தாள். பெயர் போடக் கூடாது என்று விதி வைத்தவளே அவள்தான். மதியம் இரண்டு மணி என்பதற்குக் கீழே, பெரிய எழுத்தில் எழுதினாள்: எங்க அக்கா போட்டது.