ஓட்டிப் பார்க்க வந்தவன்

மழைக்கு ஒதுங்கத்தான் குவானிஷ் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளினான். சத்தியமாக வேறு எண்ணமே இல்லை.

அண்ணன் குடியிருக்கிற கஸ்கெலெனுக்குப் போக, எதிரே இருந்த நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தவன் அவன். மலைப்பக்கமிருந்து மே மாத மழை திடுதிப்பென்று இறங்கியது. நிறுத்தத்தின் கூரை ஒழுகியது. அவன் போட்டிருந்ததோ அவனிடம் இருந்த ஒரே நல்ல கோட்டு. கக்கத்தில் காகிதம் சுற்றிய மரக்குதிரை ஒன்று. அண்ணன் மகனுக்கு இன்றைக்குக் காலில் கயிறு கட்டி, அதை அறுத்து, முதல் அடி வைக்கச் செய்கிற விருந்து. நனைந்த கோழி மாதிரி போய் நின்றால் அண்ணி ஷோல்பான் விடுவாளா... விருந்து முடியும்வரை அதுதான் பேச்சாக இருக்கும்.

உள்ளே போனால் அது கார்க் கடை. அல்மாட்டியில் பெரிய மனிதர்கள் மட்டும் வருகிற கடை. நடுக்கூடத்தில் ஒரு கறுப்புக் கார் நின்றது. நாலு கதவு வைத்த குடும்பக் கார்தான். ஆனால் முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் திமிறி, பந்தயத்துக்குக் காத்திருக்கிற குதிரை மாதிரி இருந்தது. சொகுசும் வேண்டும், வேகமும் வேண்டும் என்கிறவர்களுக்காகவே செய்த வண்டி.

"ஓட்டிப் பாக்குறீங்களா சார்?"

திரும்பினான். அந்தக் கண்கள்... மழை பெய்துகொண்டிருக்கும்போதே வெயிலும் அடித்தால் ஒரு வெளிச்சம் வருமே, அந்த வெளிச்சம் அதில் இருந்தது. சட்டையில் குத்தியிருந்த சின்னத் தகட்டில் மர்ஜான் என்று பெயர்.

'இல்லைங்க, மழைக்கு ஒதுங்கினேன்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"இது... நல்ல வேகமாப் போகுமா?"

"போகும் சார். நம்ம ரோட்டுலதான் அதைவிட வேகமாப் பள்ளம் வரும்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான். அந்தச் சிரிப்பிலேயே பாதி ஆள் அவுட். மீதிப் பாதியை அடுத்த கேள்வி முடித்து வைத்தது.

"வாங்குற யோசனைதானே? தப்பா எடுத்துக்காதீங்க, மேனேஜர் கேக்கச் சொல்லுவார்."

"ம்... இதா, இன்னொண்ணான்னு பாத்துட்டிருக்கேன்."

அந்த இன்னொன்று கஸ்கெலென் பேருந்து என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

பள்ளியில் பூகோளம் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் அவன். அண்ணனின் பழைய வண்டியை ஓட்டக் கற்றபோது எடுத்த உரிமம் பையில் இருந்தது. அதைக் காட்டினான். கையெழுத்தும் போட்டான். மரக்குதிரையைப் பின்னிருக்கையில் கிடத்தினான். பக்கத்தில் மர்ஜான் வந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். மழை வாசனையோடு ஏதோ சோப்பு வாசனை...

"மெதுவா மிதிங்க சார். இது ஜாடையிலேயே புரிஞ்சுக்கும்."

மிதித்தான். அவன் மெதுவாகத்தான் மிதித்தான், கார்தான் மெதுவாகப் போகவில்லை. முதுகை யாரோ இருக்கையோடு சேர்த்து அழுத்திப் பிடித்த மாதிரி இருந்தது. சாலையோரத்து மரங்கள் பின்னால் ஓடின.

"மூச்சு விடுங்க சார். அதுக்குத் தனியாக் காசு கேக்க மாட்டோம்."

"விட்டுட்டுத்தான் இருக்கேன்."

"நான் பாத்தவரைக்கும் இல்ல."

இப்படிப் பேசிக்கொண்டே வந்தவள், ஒரு சிக்னலில் நின்றபோது குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"ஒண்ணு சொல்லவா? நீங்கதான் என்னோட முதல் ஆளு. வர்றவங்க எல்லாம் என்னப் பாத்ததும், யாராச்சும் ஆம்பளையக் கூப்பிடும்மாம்பாங்க. நீங்க ஒருத்தர்தான் கூப்பிடல. இந்த மாசம் முடியறதுக்குள்ள ஒரு வண்டியாச்சும் நான் வித்தாகணும். இல்லேன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." சொல்லிவிட்டு அவசரமாகச் சிரித்தாள். "ஐயோ, அதுக்காக நீங்க வாங்கணும்னு சொல்லல. பிடிச்சா வாங்குங்க."

குவானிஷுக்குக் காது சுட்டது. இப்போது சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சிக்னல் பச்சையானது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அதையே சாக்காக வைத்து அவன் காரைக் கிளப்பினான்.

"அந்த ரவுண்டானாவுல திரும்பணும் சார்."

அவன் திரும்பவில்லை. "ஒரு சின்ன வேலை. தெரிஞ்சவங்க வீடு. வாசல் வழியா ஒரு தடவை போயிட்டுத் திரும்பிடலாம்."

அவன் மேல் எனக்கும் கோபம்தான், என்ன செய்ய. ஆனால் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். கணவனுடைய தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது அந்த ஊர் மருமகள்களின் வழக்கம். ஆளாளுக்கு ஒரு செல்லப் பெயர் வைத்துக்கொள்வார்கள். ஷோல்பான் வைத்த பெயர் மிர்ஸா. பிரபு என்று அர்த்தம். போன புத்தாண்டு விருந்தில் அவன் தாமதமாக நுழைந்தபோது நிறைந்த சபையில் அவள் சொன்னாள்: "வழி விடுங்க, மிர்ஸா வந்துட்டாரு. அவரோட ரதத்துக்கு டிக்கெட் கிழிக்கத்தான் நேரமாயிருச்சு." எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் அவன் தொண்டையில் முள்ளாக நின்றது. அண்ணி முகத்தை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. வாசலில் கொஞ்சம் மெதுவாக்கி, ஒரு கையசைத்து, போய்விடலாம்...

புதுக்காரைப் பார்த்துவிட்டுச் சும்மா அனுப்புகிற ஜனமா அது?

வாசலில் நின்ற அண்ணன்தான் முதலில் பார்த்தான். கேட்டை விரியத் திறந்தான். உள்ளே வா என்று இரண்டு கையையும் ஆட்டினான். ஒரு நிமிஷத்தில் முற்றமே காரைச் சுற்றி நின்றது. குழந்தைக்காக வைத்திருந்த தாம்பாளத்தோடு ஷோல்பான் ஓடிவந்து, மிட்டாயையும் சில்லறையையும் அள்ளி அள்ளிக் கார் மேல் வீசினாள். நல்ல காரியம் எது நடந்தாலும் அங்கே இப்படித்தான். சில்லறை பானெட்டில் விழுந்து தெறித்தது.

"பெயின்ட்டு..." என்று மர்ஜான் முனகியது அவனுக்கு மட்டும் கேட்டது.

கதவில் கடைப் பெயர் ஒட்டியிருந்தது. புதுவண்டி என்றால் அப்படித்தான் வரும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அண்ணன் அவனை வெளியே இழுத்துக் கட்டிக்கொண்டான். "ஒரு வார்த்தை சொல்லலியேடா." ஷோல்பான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மிர்ஸா, உங்களப் போய்க் கேலி பேசினேனே. மனசுல வெச்சுக்காதீங்க."

அவள் முகத்தைப் பார்க்கத்தானே வந்தான்? பார்க்க முடியவில்லை. அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். அதை அவன் எதிர்பார்க்கவே இல்லை.

அப்போதுதான் அம்மா வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே மறுபக்கக் கதவுக்குப் போய், இறங்கி நின்ற மர்ஜானின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

"எந்த ஊரும்மா நீ?"

"தல்திகோர்கான் பக்கம்மா... ஆனா நான் வந்து..."

அம்மா கேட்டால்தானே. முப்பத்தொரு வயசுப் பிள்ளை ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். தன் காதிலிருந்த வெள்ளித் தோட்டைக் கழற்றினாள். மர்ஜானின் வெறுங்காதில் ஒவ்வொன்றாக மாட்டினாள். பிள்ளையைப் பெற்றவள் ஒரு பெண்ணின் காதில் தோடு போட்டால் அங்கே ஒரே அர்த்தம்தான். பெண்கள் எல்லோரும் வாழ்த்தினார்கள். யாரோ மர்ஜானின் வாயில் எண்ணெயில் பொரித்த சூடான பவுர்சாக் பணியாரம் ஒன்றை ஊட்டினார்கள்.

மர்ஜான் அவனைப் பார்த்தாள். 'நீங்க சொல்லுங்க' என்றன அந்தக் கண்கள். ஒருமுறை, இன்னொரு முறை...

அவன் குனிந்துகொண்டான்.

"இவங்களுக்கு அவசர வேலை இருக்கு, விட்டுட்டு வந்துடறேன்" என்று மட்டும் எப்படியோ சொல்லி, காரை வெளியே எடுத்தான். மழை விடாமல் பெய்தது. ஊர் எல்லை தாண்டியதும் மர்ஜான் சாலையோரத்தைக் காட்டினாள்.

"ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினான்.

"நீங்க இத வாங்கப் போறதில்ல, இல்லியா?"

"இல்ல."

"அந்த இன்னொண்ணும் இல்ல, அப்படித்தானே?"

"இல்ல. நான் ஸ்கூல் வாத்தியார். மழைக்கு ஒதுங்கினேன்." அவன் எஞ்சினை அணைத்தான். "உங்களப் பாத்ததும்... அந்த வார்த்தை வரல."

"வண்டி விக்கலேன்னா எனக்கு வேற வேலை கிடைக்கும் சார். அதுக்கு நான் அழ மாட்டேன்." அவள் நேரே மழையைப் பார்த்துப் பேசினாள். "ஆனா உங்க அம்மா தன் காதுலேருந்து கழட்டி என் காதுல மாட்டினாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது அங்கேயே முடிஞ்சிருக்கும். நீங்க உங்க ஷூவப் பாத்துட்டு நின்னீங்க. எனக்கு எவ்வளவு கேவலமா இருந்துச்சு தெரியுமா?"

தோட்டைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். இன்னும் அதில் சூடு இருந்தது.

"நீங்களே போய்த் திருப்பிக் குடுங்க. உண்மையச் சொல்லிக் குடுங்க. வேற கதை கட்டினீங்கன்னா... எனக்குத் தெரியப் போறதில்லதான். உங்களுக்குத் தெரியுமில்ல." அவள் இறங்கிச் சுற்றி வந்தாள். "நகருங்க. நான் ஓட்டுறேன்."

அவன் பக்கத்து இருக்கைக்குப் போனான். அவள் அருமையாக ஓட்டினாள்.

மரக்குதிரையை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதே நிறுத்தத்தில் நின்று கஸ்கெலென் பேருந்தைப் பிடித்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்குப் பொய்கள் வரிசையாக வந்து கைகட்டி நின்றன. பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது... வண்டியில் கோளாறு, திருப்பிக் கொடுத்துவிட்டேன்... ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றையும் அம்மா நம்பிவிடுவாள். அதை நினைத்தபோதுதான் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

பின்மாலையில் போய்ச் சேர்ந்தான். மேஜைகளில் இறைச்சித் தட்டுகள் வந்துகொண்டிருந்தன. விருந்து நடத்துகிறவர் மைக்கை ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டிருந்தார். அங்கே யாரும் வாழ்த்துச் சொல்லாமல் எழுந்து போக முடியாது. "இதோ புதுக்காரோட சித்தப்பா" என்று மைக் அவன் கைக்கு வந்தது.

"அண்ணன் பையன் நல்லா நடக்கணும்" என்று ஆரம்பித்தான். "என்னை மாதிரி நடக்கக் கூடாது. அந்தக் கார் என்னோடது இல்ல. கடையில ஓட்டிப் பாக்கறேன்னு பொய் சொல்லி எடுத்துட்டு வந்தேன். அந்தப் பொண்ணு அந்தக் கடையில வேலை பாக்குறவங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. உங்க முன்னாடி ஒரு தடவை பெரிய ஆளா நிக்கணும்னு ஆசைப்பட்டேன். இப்ப பஸ்லதான் வந்தேன்."

யாராவது சிரித்திருந்தால் தேவலை. ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணன் தட்டையே பார்த்தான். மாமா ஒருவர் இருமினார்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மிர்ஸா," என்றாள் ஷோல்பான், அழுகிற குரலில். "அது உங்களுக்கு இவ்வளவு வலிச்சுச்சா?"

அவன் மைக்கை வைத்துவிட்டு வெளியே வந்தான். அம்மா பின்னாலேயே வந்தாள். தோட்டை நீட்டினான். அவளைப் பார்க்கத் துணிவில்லை.

"மன்னிச்சிரும்மா."

அம்மா கையை நீட்டவில்லை. "அந்தக் கார் என்ன கலருடா?"

"கறுப்பு."

"எனக்குத் தெரியாது. நான் பாக்கல." அவள் அவன் தலையை நிமிர்த்தினாள். "காருக்கா நான் தோடு போட்டேன்? போய், அந்தப் பொண்ணோட மூஞ்சியப் பாத்துப் பேசு. அப்புறமா எனக்கு வந்து பதில் சொல்லு."

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அவன் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளினான். இப்போது ஒதுங்க மழையும் இல்லை. நேரே மேனேஜரிடம் போய், வாங்குகிற எண்ணமே இல்லாமல் வண்டியை எடுத்தது தான்தான் என்றும், வழி மாறிப் போனதும் தன் தப்புதான் என்றும் சொன்னான். மேனேஜர் அவனை மேலும் கீழும் பார்த்து, "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றார். நியாயம்தான்.

மர்ஜான் அந்தக் கறுப்புக் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மைக்குல."

"மைக்குலயா?" அவள் உதட்டோரம் ஒரு கணம் துடித்தது, அடங்கியது.

"அம்மா தோட்ட வாங்க மாட்டேங்குறாங்க. காருக்குப் போடலியாம்." நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு மர்ஜான். இதச் சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. ஆனா இத மறைச்சா அதுவும் ஒரு பொய்தானே... அதான் சொல்லிட்டேன்."

அவன் நீட்டிய தோட்டை அவள் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்க குடுத்தா நான் வாங்கக் கூடாது. அதெல்லாம் உங்க அம்மா கையால போடுறது."

"அப்போ..."

"இருங்க. எனக்கும் ஒரு வெக்கக்கேடு இருக்கு." அவள் கழுத்து வரை சிவந்தாள். "உங்கள அன்னிக்கு அவ்வளவு திட்டினேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தா தூக்கம் வரல. அந்த முற்றத்துல எனக்கும் வாய் இருந்துச்சு சார். நான் கடையில வேலை பாக்குறவள்னு ஒரு வார்த்தை நானும் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லலேன்னு நீங்க ஒரு தடவை கூடக் கேக்கலியே..."

"ஏன் சொல்லல?"

இப்போது குனிந்துகொண்டது அவள்.

"சொன்னா... தோட்டக் கழட்டிருவாங்களோன்னு பயமா இருந்துச்சு."